நுரை தள்ளிய நாயும் சத்தம் போடாத பூனையும்: மயூர் விஹார் வீடு ஒன்றின் செடிக் கணக்கு

ஒரே வீடு, ஒரே நாள், இரண்டு பிராணிகள், இரண்டு செடிகள். ஊரைக் கூட்டிய நாய்க்கு அரை மணி நேர வைத்தியம் போதுமாக இருந்தது. பீரோ மேல் பேசாமல் படுத்திருந்த பூனைதான் மூன்று நாள் டிரிப்ஸில் கிடந்தது. டெல்லியில் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு இதை விரிவாக எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. "நாய், பூனை இருக்கிற வீட்டில் எந்தச் செடி வைக்கலாம், டாக்டர்?" என்று கேட்பவர்கள் எல்லாரும் தொட்டியை நினைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். இந்த வீட்டில் பெரிய ஆபத்து தொட்டியில் வரவில்லை. வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடும் அதில் இருந்தவர்களும்

மயூர் விஹார் ஃபேஸ் ஒன்றில் மூன்றாம் மாடி ஃபிளாட். பாட்டி, மகன், மருமகள், ஏழாவது படிக்கும் பேரன். பூர்வீகம் கும்பகோணத்துப் பக்கம். டெல்லிக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. ஷேரு ஒன்பது மாத நாட்டு நாய், 14 கிலோ. பெயர் வைத்தது கட்டடத்துச் சௌக்கிதார், அதாவது காவலாளி. சிட்டு மூன்று வயதுப் பெண் பூனை, 3.6 கிலோ, கருத்தடை ஆனது, வாசற்படி தாண்டாதது. இரண்டுக்கும் முன்பு பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. கருத்தடைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிட்டுவின் கிரியேட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.1 என்று என் கோப்பில் இருந்தது. அந்த ஒரு எண் பின்னால் ரொம்பவே கைகொடுத்தது.

பால்கனியில் ஏற்கெனவே இருந்தவை துளசி, கறிவேப்பிலை, கற்பூரவல்லி, சோற்றுக்கற்றாழை, பெரிய பீங்கான் தொட்டியில் ஒரு அடீனியம். தீபாவளி முடிந்து காற்றின் தரக் குறியீடு 400-ஐத் தாண்டிய வாரத்தில், காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள் என்று மருமகள் ஒரு செட் வாங்கி வந்தார். அரேகா பாம், மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளான்ட், டிஃபன்பேக்கியா. கூடத்துக்கு இரண்டு, படுக்கையறைக்கு இரண்டு என்று பிரித்து வைத்தாயிற்று. "சப் சேஃப் ஹை", எல்லாமே பாதுகாப்பானவை என்று நர்சரிக்காரர் சொல்லியிருக்கிறார். மனிதர்களை மனதில் வைத்துச் சொன்னால் பெரிய தப்பில்லை. நாம் இலையைக் கடித்துப் பார்ப்பதில்லையே.

இந்தக் காற்றுச் சுத்திகரிப்பு பற்றி ஒரு வார்த்தை. 1989-இல் நாசாவுக்காக வொல்வர்ட்டன் குழு செய்த ஆய்வுதான் இந்த மாதிரி செட்டுகளுக்கெல்லாம் மூலம். மூடிய சிறு பெட்டியறைகளில் செடியை வைத்து, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்கள் குறைகின்றனவா என்று பார்த்தார்கள். டெல்லிக்காரர்களின் நெஞ்சை அடைக்கும் பி.எம். 2.5 நுண்துகள் அந்தச் சோதனையிலேயே கிடையாது. 2019-இல் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தின் சாதாரணக் காற்றோட்டம் வாயுக்களை அகற்றும் அளவுக்குச் செடிகள் அகற்ற வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டுமாம். செடியை அழகுக்கு வையுங்கள். புகைக்கு ஃபில்டர் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. இதை இங்கே சொல்லக் காரணம், அந்த 1989 பட்டியலில் இருக்கும் பீஸ் லில்லி, ஸ்நேக் பிளான்ட், டிரசீனா வகைகள், ஐவி, சாமந்தி ஆகிய எல்லாமே நாயும் பூனையும் கடிக்கக் கூடாதவை. காற்றுக்காக என்று வாங்கப்போய், வேண்டாததையே தேடிப்பிடித்து வாங்கிவிடுகிறோம்.

அன்று நடந்தது

ஞாயிறு இரவு மகனும் மருமகளும் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்விட்டுப் பதினொரு மணி வாக்கில் வீடு திரும்பினார்கள். கிளம்பும்போது யாரோ கையில் கொடுத்த பூங்கொத்தும் கூட வந்தது. ரோஜா, ஜெர்பெரா, நடுவில் பெரிய வெள்ளை லில்லிகள். காஜிப்பூர் பூ மண்டி அங்கிருந்து கூப்பிடு தூரம். கல்யாண சீசனில் அந்தப் பக்கத்துப் பூங்கொத்துகளில் லில்லி தாராளமாக இருக்கும். எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் விட்டு, கொத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்கள்.

காலை ஒன்பது மணிக்கு ஷேரு மணி பிளான்ட் தொட்டியைக் கவிழ்த்துக் கொடியை மென்றது. சில நொடிகளில் வாயைத் தரையில் தேய்த்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. வாயெல்லாம் நுரை. பாட்டியும் மருமகளும் ஆட்டோ பிடித்து ஓடி வந்தார்கள்.

"டாக்டர், விஷத்தைத் தின்னுட்டான், நுரை தள்றான். சீக்கிரம் பாருங்கோ" என்றார் பாட்டி. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கும் ஈறும் சிவந்து லேசாக வீங்கியிருந்தன. தொண்டை வீக்கமில்லை, மூச்சில் இழுப்பில்லை. மருமகள் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்த கொடித் துண்டைப் பார்த்ததும் பாதி நிம்மதி. இந்த மாதிரி நேரத்தில் செடியையே கையோடு எடுத்துவரும் புத்தி எல்லாருக்கும் வருவதில்லை. ஈரத்துணியால் வாயைத் துடைத்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, குளிர்ந்த தயிர் இரண்டு கரண்டி நக்கக் கொடுத்து, வலிக்கு ஒரு ஊசி போட்டேன். கொஞ்ச நேரத்தில் வாலை ஆட்டியது.

அனுப்புவதற்கு முன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். "மாமி, சிட்டு எப்படி இருக்கு? அதுவும் ஏதாவது கடிச்சிருக்குமோ?"

"அது சமர்த்து. ராத்திரி ஒரு தரம் வாந்தி எடுத்தது, முடியா இருக்கும். கார்த்தால சாப்பாடு வேண்டாம்னு பீரோ மேல ஏறிப் படுத்துண்டிருக்கு."

பள்ளி லீவில் வீட்டிலிருந்த பேரனுக்கு ஃபோன் போட்டு, வீட்டில் இருக்கும் எல்லாச் செடியையும் பூவையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஏழெட்டுத் தொட்டிகளுக்குப் பிறகு சாப்பாட்டு மேசையின் படம் வந்தது. விரிந்த லில்லிகள். மேசை விரிப்பில் செங்காவி நிறத்தில் மகரந்தத் தூள் சிதறியிருந்தது. அதன் நடுவில் தேய்த்துக்கொண்டு போன தடம்.

"பூனையை உடனே கூடையில போட்டு அப்பாவைக் கொண்டுவரச் சொல்லுடா. வழியில நக்க விடாதே, துண்டுல சுத்திக்கோ" என்றேன். பத்தரை மணிக்குச் சிட்டு என் பரிசோதனை மேசை மேல் இருந்தது. மார்பு முடியிலும் இடது முன்னங்காலிலும் காவிக் கறை. உடம்பில் லேசாக நீர் வற்றல். அடிக்கடி எச்சிலை விழுங்கிக்கொண்டிருந்தது. சிறுநீரகப் பகுதியை அழுத்தியபோது மெல்ல முனகியது, அவ்வளவுதான்.

ஷேருவின் நுரை எதனால்

மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி, மான்ஸ்டெரா, ஃபிலோடெண்ட்ரான், சிங்கோனியம், அக்லோனிமா, ஆந்தூரியம், இசட்.இசட். பிளான்ட் எல்லாம் ஒரே வம்சம்: சேம்புக் குடும்பம். சேனையை நறுக்கினால் கை அரிப்பதும், சரியாக வேகாத கருணை தொண்டையில் காறுவதும் எதனால் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அதற்காகத்தானே புளி விட்டு வேகவைக்கிறார்கள். இந்தச் செடிகளின் செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கடித்ததும் அவை சாறோடு பாய்ந்து நாக்கிலும் ஈறிலும் குத்துகின்றன. உடனே எரிச்சல், எச்சில், நுரை, கத்தல். அந்த வலியே கடியை நிறுத்திவிடுவதால் பெரும்பாலும் உள்ளே அதிகம் போவதில்லை. இந்த ஊசிகள் கரையாதவை. சிறுநீரகம் வரை போய்க் கெடுப்பவை அல்ல. தொண்டை வீங்கி மூச்சு முட்டுவது அபூர்வம். அப்படி ஆனால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இந்தக் கூட்டத்தில் கடுமையானது டிஃபன்பேக்கியா.

மணி பிளான்ட்டைத் திருடி வந்து வைத்தால்தான் செழிக்கும் என்பார்கள். இந்த வீட்டில் காசு கொடுத்து வாங்கியும் செழிப்பாகத்தான் இருந்தது, ஷேரு வரும்வரை.

சிட்டுவின் மௌனம் எதனால்

லிலியம் இனத்துச் செடிகளும், டே லில்லி எனப்படும் ஹெமரோகாலிஸ் இனமும் பூனையின் சிறுநீரகக் குழாய்களைக் கொல்லும். இலை, தண்டு, இதழ், மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் வரை எல்லாமே நஞ்சு. கடித்துத் தின்ன வேண்டும் என்பதில்லை. கொத்தை உரசிக்கொண்டு போய், முடியில் ஒட்டிய தூளை நக்கினாலே போதும். பூனையோ விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியை நக்குவதிலேயே கழிக்கிற பிராணி. எந்த வேதிப்பொருள் இதைச் செய்கிறது என்று இதுவரை பிரித்தெடுக்கப்படவில்லை. மாற்று மருந்தும் கிடையாது. நாய் இதே பூவைத் தின்றால் வயிற்றுக் கோளாறோடு நின்றுவிடும்.

இதில் ஏமாற்றுவது நேரம்தான். முதல் சில மணி நேரத்தில் ஓரிரு வாந்தி, மந்தம், சாப்பாட்டில் வெறுப்பு. பிறகு வாந்தி நின்று, தேறிவிட்டது போலவே தோன்றும். முடி உருண்டை, அஜீரணம் என்று வீட்டார் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஒன்று முதல் மூன்று நாளில் சிறுநீரகம் கைவிடும். முதலில் சிறுநீர் அதிகமாகும், பிறகு நின்றே போகும். நின்றபின் வரும் பூனைகளில் பிழைப்பவை மிகக் குறைவு. தொட்ட நேரத்திலிருந்து 18 மணி நேரத்துக்குள் டிரிப்ஸ் ஏறிவிட்டால் நல்ல வாய்ப்பு உண்டு. சிட்டு பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வந்தது. அதுகூட நாய் கத்தியதால்.

வாந்தி எடுக்க வைக்கவில்லை. ஏற்கெனவே வாந்தி ஆகியிருந்தது, நேரமும் கடந்திருந்தது. வீட்டிலேயே பூனையை வாந்தி எடுக்க வைக்கப் பாதுகாப்பான வழி எதுவும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உப்புக் கரைசல் புகட்டி, ரத்தத்தில் சோடியம் ஏறி, அதனாலேயே இறந்த பிராணிகள் உண்டு. முதலில் கறை பட்ட முடியை வெட்டி, மார்பையும் கால்களையும் ஷாம்பூவால் கழுவினோம். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் நரம்பில் ஊசி ஏற்றி, சாதாரணத் தேவையைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் திரவம் விட்டோம். வாந்திக்கு மரோபிடன்ட். ஒவ்வொரு வேளையும் எடை பார்த்தோம், மணல் தட்டை நிறுத்துப் போட்டுச் சிறுநீர் அளந்தோம். திரவம் கூடிப்போனால் நுரையீரலில் நீர் கோக்கும்; அதனால் மூச்சையும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

வந்தபோது கிரியேட்டினின் 1.2. பழைய 1.1 கையில் இருந்ததால், சேதம் இன்னும் ரத்தத்தில் காட்டவில்லை என்று புரிந்தது. ஆனால் சிறுநீரின் அடர்த்தி இறங்கியிருந்தது, சர்க்கரை லேசாகத் தெரிந்தது. ரத்தத்தில் சர்க்கரை கூடாமல் சிறுநீரில் மட்டும் தெரிந்தால் குழாய்கள் அடிவாங்குகின்றன என்று பொருள். இரண்டாம் நாள் கிரியேட்டினின் 1.9. அன்று இரவு வீட்டாரிடம் நம்பிக்கையாகப் பேச என்னால் முடியவில்லை. மூன்றாம் நாள் 1.6-க்கு இறங்கியது. சிறுநீர் ஒரு வேளைகூட நிற்கவில்லை. 72 மணி நேரம் முடிந்து திரவத்தைப் படிப்படியாகக் குறைத்தோம். வேகவைத்த கோழித் துண்டைத் தின்றது.

கடைகளில் லில்லி என்ற பெயரில் விற்கப்படுபவற்றை ஒன்றாகப் பார்க்கக் கூடாது. பீஸ் லில்லியும் காலா லில்லியும் சேம்பு வம்சம். வாய் எரியும், சிறுநீரகம் தப்பும். கல்வாழையை கேனா லில்லி என்பார்கள், அது பாதுகாப்பானது. நம் மாநில மலரான செங்காந்தளில் கோல்ச்சிசின் இருக்கிறது. நாய், பூனை, மனிதர் எல்லாருக்கும் உயிர்க்கொல்லி. ஏசியாட்டிக், ஓரியண்டல், ஸ்டார்கேசர் என்று பூக்கடையில் வருபவை எல்லாம் லிலியம். பூனை இருக்கும் வீட்டில் இவற்றை உயரமான அலமாரியில் வைத்தால் போதுமா என்று கேட்பார்கள். போதாது. பூனைக்கு உயரம் ஒரு தடையில்லை, தூள் கீழேயும் விழும்.

அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. அமைப்பு நடத்தும் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தின் செடிப் பட்டியல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் அதில் மணி பிளான்ட்டுக்கும் "நச்சு", லிலியத்துக்கும் "நச்சு". அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் பார்க்கிறவர் எல்லாச் செடியையும் தூக்கி எறிவார், அல்லது மணி பிளான்ட்டால் ஒன்றும் ஆகவில்லையே என்று எல்லாவற்றையும் வைத்துக்கொள்வார். எது வாயை எரிக்கும், எது வயிற்றைக் கலக்கும், எது ஈரலையோ சிறுநீரகத்தையோ இதயத்தையோ எடுத்துக்கொண்டு போகும் என்று பிரித்தால்தான் வீட்டில் முடிவெடுக்க முடியும்.

வீட்டில் சுற்றிப் பார்த்தது

சிட்டு திரும்புவதற்கு முன் ஒரு மாலை அந்த வீட்டுக்குப் போனேன். நான் முதலில் கை காட்டியது பால்கனி அடீனியத்தை. வீட்டாருக்கு ஆச்சரியம், அத்தனை வருடமாக இருந்தது, யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. அடீனியம் அரளியின் பங்காளி. இரண்டிலும் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் கிளைகோசைடுகள் உண்டு. அரளி விதை என்றால் தமிழர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கலாஞ்சோவும் இதயத்தைத்தான் தாக்கும். குளிர்காலத்தில் டெல்லி நர்சரிகளில் சிவப்பும் மஞ்சளுமாகக் குவித்து வைத்திருப்பார்கள். நம் ரணகள்ளி அதே இனம். அடீனியம் அன்றே பிராணி இல்லாத ஒரு நண்பர் வீட்டுக்குப் போனது.

அடுத்தது வீட்டுக்கு வெளியே. கட்டட வாசலில் இரண்டு பெரிய தொட்டிகளில் சைகஸ் ரெவல்யூட்டா, அதாவது சாகோ பாம். டெல்லி பங்களாக்களிலும் சொசைட்டி வாசல்களிலும் சர்வசாதாரணம். நாய் வைத்திருப்பவர்கள் விஷயத்தில் எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். செடி முழுவதிலும் சைகசின் என்னும் நஞ்சு, விதையில் மிக அதிகம். ஓரிரு விதையே ஒரு நாயைக் கொல்லலாம். சில மணி நேரத்தில் வாந்தி, இரண்டு மூன்று நாளில் மஞ்சள் காமாலை, ரத்தம் உறையாமை, ஈரல் செயலிழப்பு. தீவிரச் சிகிச்சை கொடுத்தும் பாதியளவு நாய்கள் தப்புவதில்லை. ஷேரு தினமும் இரண்டு வேளை அந்தத் தொட்டியைக் கடந்துதான் வெளியே போகிறது. சொசைட்டிக்காரர்கள் தொட்டியை எடுக்க இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. சுற்றிக் கம்பி வலை மட்டும் போட்டிருக்கிறார்கள். தொட்டியை எடுக்கும்வரை அந்த இடத்தில் ஷேருவின் கயிறு குட்டையாகப் பிடிக்கப்படுகிறது.

டிஃபன்பேக்கியாவைக் கொடுத்துவிடச் சொன்னேன். மணி பிளான்ட்டும் பீஸ் லில்லியும் இருக்கலாம், ஆனால் தரையில் இல்லை. கூரைக் கொக்கியில், கொடி கீழே தொங்காமல் வெட்டிவிட்டு. ஸ்நேக் பிளான்ட்டிலும் சோற்றுக்கற்றாழையிலும் சப்போனின்கள் இருக்கின்றன. கடித்தால் வாந்தி, கழிச்சல், அதோடு சரி. இரண்டும் ஜன்னல் கம்பிக்கு வெளியே போயின.

கற்பூரவல்லியில்தான் பஞ்சாயத்து. "சளிக்கு நாங்க கஷாயம் வச்சுக் குடிக்கறது. நமக்கு மருந்து, அதுக்கு விஷமா, டாக்டர்?" என்றார் பாட்டி. நியாயமான கேள்வி. நம் ஈரல் பல பொருள்களை ஒரு குறிப்பிட்ட சர்க்கரை அமிலத்தோடு சேர்த்து வெளியேற்றும். பூனைக்கு அந்த வழி பலவீனம். அதனால்தான் நாம் சாதாரணமாக விழுங்கும் ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். மணமுள்ள எண்ணெய்களும் அதன் உடம்பில் நின்று நின்றுதான் போகும். கற்பூரவல்லியைத் தின்றால் வாந்தியும் கழிச்சலும் வரலாம், உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இல்லை. எனவே எடுக்க வேண்டாம், பால்கனிக் கைப்பிடிக்கு மேலே மாட்டுங்கள் என்று ஒப்பந்தம் ஆனது. துளசியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அதன் நெருங்கிய உறவான திருநீற்றுப்பச்சை பாதுகாப்பான செடிகளில் சேர்த்தி. தவிர, எடுக்கச் சொன்னாலும் அந்த வீட்டில் நடக்காது.

தொட்டி மண்ணையும் கிளறிப் பார்த்தேன். ஷேரு தோண்டுகிற நாய். எலும்புத் தூள் உரம் போட்டால் மண்ணையே தின்னும். ஆமணக்குப் பிண்ணாக்கில் ரிசின் இருக்கலாம், அதனால் நாய் வீட்டில் அது கூடவே கூடாது. நத்தை மருந்தில் இருக்கும் மெட்டால்டிஹைடு வலிப்பை உண்டாக்கும். நல்லவேளை, இங்கே மண்புழு உரம்தான். நர்சரியிலிருந்து வரும் எந்தச் செடியிலும் பூச்சிமருந்து தெளித்திருப்பார்கள். இலையைக் கழுவி, ஒரு வாரம் பிராணி போகாத இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு உள்ளே எடுங்கள் என்றேன்.

புதிதாகத் தேர்ந்தெடுத்தவை

செடிக்கு முன் பிராணியின் பழக்கத்தைப் பார்த்தோம். ஷேரு தோண்டும், கவிழ்க்கும், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குள் இருப்பதைக் கடிக்கும். சிட்டு மண்ணைச் சீண்டாது; காற்றில் ஆடும் நீளமான மெல்லிய இலை என்றால் விடாது. ஆக, நாய்க்குக் கனமான தொட்டியும் தரையில் பாதுகாப்பான செடியும் வேண்டும். பூனைக்கு எவ்வளவு உயரத்தில் வைத்தாலும் பயனில்லை. எட்டுகிற எல்லாமே பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

அரேகா பாம் இரண்டுக்கும் பாதுகாப்பு, அப்படியே இருந்தது. கனமான சிமெண்ட் தொட்டிக்கு மாற்றினார்கள். ஜனவரியில் வெளியே வைத்தால் குளிரில் இலை கருகும். உள்ளே வைத்தால் பிழைக்கும். ஸ்பைடர் பிளான்ட்டும் பாதுகாப்பானதுதான், ஆனால் சிட்டு ஒரு வாரத்தில் மொட்டையடித்துவிடும். அதைத் தொங்கவிட்டு, கீழே ஒரு தட்டில் சமையலறைக் கோதுமையை முளைக்க வைக்கச் சொன்னேன். நவராத்திரிக்கு அக்கம்பக்கத்து வீடுகளில் ஜவ் என்னும் பார்லியை முளைக்க வைப்பார்களே, அதே முறை. விதைக்கடைக் கோதுமை வேண்டாம், அதில் பூஞ்சை மருந்து பூசியிருக்கும். சிட்டு இப்போது மேயப் போவது அந்தத் தட்டுக்குத்தான்.

மணி பிளான்ட்டின் கொடி அழகு வேண்டும் என்றார் மருமகள். அதற்கு ஹோயா. கற்றாழை போன்ற தோற்றத்துக்கு ஹவோர்த்தியா. வெளிச்சம் குறைந்த கூடத்து மூலைக்கு ஆஸ்பிடிஸ்ட்ரா. எல்லா நர்சரியிலும் கிடைக்காது, வளர்வதும் ஆமை வேகம், ஆனால் சாகாது. மேசைக்குப் பெப்பரோமியா. காலத்தியா கேட்டார்கள். பிராணிக்குப் பாதுகாப்பானதுதான், ஆனால் டெல்லியின் உப்புத் தண்ணீரிலும் வறண்ட காற்றிலும் இலை ஓரமெல்லாம் கருகும். எனக்கு அதில் உற்சாகமில்லை. பாஸ்டன் ஃபெர்ன் பாதுகாப்பானது. மே மாதத்தில் லூ என்னும் அனல்காற்றில் பொரிந்துபோகும், கூலர் ஓடும் அறையில் தாக்குப்பிடிக்கும்.

டெல்லியின் குளிர்காலப் பூக்களில் பெட்டூனியா, பேன்சி, காலெண்டுலா, நர்சரிக்காரர்கள் டாக் ஃப்ளவர் என்று சொல்லும் ஸ்நாப்டிராகன் எல்லாம் வைக்கலாம். குல்தாவுதி என்னும் சாமந்தி வேண்டாம். நர்கிஸ் எனப்படும் நார்சிசஸ், டேலியா, சைக்ளமனும் வேண்டாம்.

கடையில் நின்றுகொண்டு பட்டியலைத் தேட முடியாத நேரத்தில் என்ன செய்வது என்று மகன் கேட்டார். சேம்பு மாதிரி இலையா, கிள்ளினால் பால் வடிகிறதா, வெங்காயம் போலக் கிழங்கிலிருந்து வருகிறதா: மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றால், பெயரை உறுதி செய்யாமல் வாங்காதீர்கள் என்றேன். மோசமானவற்றில் பல இந்த மூன்றுக்குள் வந்துவிடும். எல்லாமும் வராது. சைகஸ் மூன்றிலும் அடங்காமல் தப்பித்துக்கொள்ளும். ஹோயா பால் வடியும், அரளிக் குடும்பமும்கூட, ஆனாலும் பாதுகாப்பானது. அதனால் இது கடை வாசலில் நின்று யோசிக்க மட்டும்.

வாசல் வழியாக வருபவை

இந்த வீட்டின் புதிய ஏற்பாடுகளில் நான் அதிகம் வற்புறுத்தியது இதைத்தான். தொட்டிச் செடியை யோசித்து வாங்குகிறோம். பூங்கொத்து யாரோ கொடுத்து வருகிறது, கோவில் மாலை பிரசாதமாக வருகிறது. மலை மந்திர் முருகனைப் பார்த்துவிட்டு வந்தால் பையில் செவ்வரளி இருக்கக்கூடும். அரளி காய்ந்தாலும் நஞ்சு போகாது. பிரசாதப் பூ இனி பூஜை அறைக்குள், கதவைச் சாத்தி, மறுநாள் காலையில் அப்புறப்படுத்தப்படும். மல்லிகையும் ரோஜாவும் பிரச்சினை இல்லை, ஆனால் கட்டிய நூல் பிரச்சினை. பூனை நூலை விழுங்கினால் குடல் சுருக்குப்பை போலச் சுருண்டு அறுபடும். மல்லிச் சரத்து நூலை ஆபரேஷன் செய்து எடுத்த பூனைகளை நான் பார்த்திருக்கிறேன். தலையிலிருந்து எடுத்த பூ நேராக மூடியுள்ள குப்பைக் கூடைக்குப் போக வேண்டும்.

பூங்கொத்து வந்தால் பிரித்துப் பார்த்து, லில்லி இருந்தால் வாசலிலேயே சௌக்கிதாரிடம் கொடுத்துவிடுவது. மகரந்தத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு வைத்துக்கொள்வதும் கூடாது; இதழும் இலையும் தண்ணீரும் அப்படியேதானே இருக்கின்றன. யாராவது பூ அனுப்ப வேண்டும் என்றால் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், ரோஜா, ஜெர்பெரா அனுப்பச் சொல்லிவிடுங்கள். உறவுக்காரர்களுக்கு மருமகள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி அந்த வட்டாரத்தில் நன்றாகவே சுற்றியிருக்கிறது. முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேர் அதைக் காட்டி என்னிடமே விளக்கம் கேட்டார்கள்.

தொடர் பரிசோதனை

இரண்டு வாரம் கழித்துச் சிட்டுவின் கிரியேட்டினின் 1.3, சிறுநீரின் அடர்த்தி இயல்பு, எடை 3.5 கிலோ. பழைய 1.1-க்குத் திரும்பவில்லை. கொஞ்சம் சிறுநீரகம் நிரந்தரமாகப் போயிருக்கலாம் என்று வீட்டாரிடம் சொல்லியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும், ஈர உணவு கூடுதலாகக் கொடுக்க வேண்டும், குடிக்கும் தண்ணீர்க் கிண்ணம் இரண்டு மூன்று இடங்களில் இருக்க வேண்டும். வலி மருந்து எதையும் என்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

ஷேருவுக்குத் தொடர் பரிசோதனை தேவைப்படவில்லை. மறுநாளே ஒரு செருப்பைத் தின்றது.

போன வாரம் மருமகள் ஃபோன் செய்தார். பிப்ரவரியில் சாந்தி பாத் ஓரம் டியூலிப் பூத்திருந்ததைப் பார்த்து அவருக்கும் ஆசை. இரண்டு தொட்டி வாங்கி வைக்கலாமா என்று கேட்டார். டியூலிப்பில் நஞ்சு அதிகம் இருப்பது கிழங்கில். பூனை மட்டும் இருக்கும் வீடென்றால் ஜன்னலுக்கு வெளியே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றிருப்பேன். தோண்டுகிற நாய் இருக்கும் வீட்டில் வேண்டாம் என்றேன். பெட்டூனியா வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.